ஏறும்போது சேர்ந்தது, இறங்கும்போது எரிகிறது: மலைப்பாதையில் பிரேக் படும் பாடு!

ஊட்டியில் இரண்டு நாள் சுற்றியாகிவிட்டது. வர்க்கி, டீத்தூள், ஹோம்மேடு சாக்லேட் எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. குன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் நோக்கி வண்டி இறங்குகிறது. பர்லியாறு பக்கம் வரும்போது காருக்குள் ஒரு வாடை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி இருக்கும். "யாரோ டயர் கொளுத்துறாங்கபோல" என்று பின்சீட்டில் இருந்து ஒரு குரல் வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயணம் தொடரும்.

கோடை விடுமுறையில் இந்தக் காட்சி அன்றாடம் நடக்கிறது. கருகுவது பெரும்பாலும் வெளியில் இல்லை. அந்தக் காரின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் பிரேக்தான் அது.

ஏறும்போது வராத இந்த வாடை இறங்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இன்ஜின் திணறியது ஏற்றத்தில்தானே? இறக்கம் சுலபமான வேலை இல்லையா? பதில், ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. 'சாய்தளத்தில் நிலை ஆற்றல்' என்ற பெயரில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் கணக்கு. மலைப்பாதையில் அது உயிர்க் கணக்கு.

ஒரு மூட்டை, ஒரு பலகை

லாரியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 50 கிலோ அரிசி மூட்டை. லாரியின் தளம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம். ஒருவர் மூட்டையை நேராகத் தூக்கி வைக்கிறார். இன்னொருவர் 4 மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் தள்ளி ஏற்றுகிறார். யாருடைய மூட்டையில் அதிக ஆற்றல் சேர்ந்திருக்கிறது?

இரண்டிலும் ஒரே அளவுதான். உயரத்துக்குப் போன ஒரு பொருளில் சேர்ந்து கிடக்கும் ஆற்றலைக் கண்டுபிடிக்க மூன்று எண்கள் போதும். பொருளின் நிறை, பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8, பொருள் ஏறிய செங்குத்து உயரம். மூன்றையும் பெருக்கினால் விடை ஜூலில் கிடைக்கும். 50 × 9.8 × 1.2 = 588 ஜூல். பலகையின் நீளம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

அப்படியானால் பலகை எதற்கு? வலுவைப் பங்கு பிரித்துக் கொடுப்பதற்கு. நேராகத் தூக்குகிறவர் 50 கிலோ பாரத்தையும் 1.2 மீட்டருக்குள் ஒரேயடியாகத் தாங்க வேண்டும். பலகையில் தள்ளுகிறவர் அதே 588 ஜூலை 4 மீட்டர் தூரத்துக்குப் பரப்பிச் செலவு செய்கிறார். உராய்வை விட்டுவிட்டால், 15 கிலோவைத் தூக்குகிற அளவு வலு இருந்தாலே மூட்டை நகரும்.

உண்மையில் பலகை மூட்டையை உரசும். அந்த உராய்வு ஒரு 250 ஜூலைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், தள்ளியவர் 838 ஜூல் செலவழித்திருப்பார். ஆனால் மூட்டையில் சேமிப்பாக நிற்பது 588 மட்டும்தான். மீதி, பலகையையும் சாக்கையும் சூடாக்கிவிட்டுப் போய்விட்டது. இந்தச் 'சூடாக்கிவிட்டுப் போகும்' விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மலைப்பாதையின் கதையே அதுதான்.

பழனியில் எந்த வழி ஏறினாலும்…

பழனி மலைக்குப் போனவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். அடிவாரத்திலிருந்து மேலே போகப் படிக்கட்டு இருக்கிறது. சாய்வாக வளைந்து போகும் யானைப்பாதை இருக்கிறது. வின்ச், ரோப் கார் இரண்டும் இருக்கின்றன. மலையின் உயரம் சுமார் 450 அடி, ஏறத்தாழ 137 மீட்டர்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மேலே போய்ச் சேர்ந்தால் அவருடைய நிலை ஆற்றல் 60 × 9.8 × 137, அதாவது சுமார் 80,500 ஜூல் கூடியிருக்கும். படியேறிப் போனாலும் அதேதான், யானைப்பாதையில் நடந்தாலும் அதேதான். வின்ச்சில் உட்கார்ந்து போனாலும் மாற்றமில்லை. அப்போது அதை அவருடைய கால்களுக்குப் பதிலாக மின்மோட்டார் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

80,500 ஜூல் என்பது பெரிய தொகைபோலத் தெரியும். உணவுக் கணக்கில் 19 கலோரிதான். நம் தசைகள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் கால் பங்கு அளவுதான் ஏறும் வேலையாக மாறுகிறது என்பதால், செலவு 80 கலோரியைத் தொடலாம். ஒன்றிரண்டு இட்லிக்குள் கணக்கு முடிந்துவிடும். 'மலை ஏறியாச்சு, இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இறங்கும்போது மூச்சு வாங்காது. ஆனால் கீழே வந்து சேர்ந்ததும் தொடையும் கெண்டைக்காலும் நடுங்கும். காரணம், இறங்கும் ஒவ்வொரு படியிலும் உடல் விழுந்துவிடாமல் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த நேரத்தில் கால்கள்தான் பிரேக். ஏறும்போது சேர்ந்த 80,500 ஜூலையும் அவைதான் படிப்படியாகக் கரைக்கின்றன.

மாணவர்கள் சறுக்கும் இடம்

இந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாக மார்க்கை விடும் இடம் ஒன்று உண்டு. '30 டிகிரி சாய்ந்த தளத்தில் 20 கிலோ பெட்டி 5 மீட்டர் மேலே நகர்ந்தது, நிலை ஆற்றல் எவ்வளவு மாறியது?' என்று கேட்டிருப்பார்கள். பலர் 20 × 9.8 × 5 என்று போட்டு 980 என்று எழுதிவிடுவார்கள். 5 மீட்டர் என்பது சரிவின் நீளம். வேண்டியது உயரம். 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை. எனவே உயரம் 2.5 மீட்டர். சரியான விடை 490 ஜூல்.

இன்னொன்று, கூட்டலும் கழித்தலும். ஏறினால் நிலை ஆற்றல் கூடும், இறங்கினால் குறையும். நடுவில் எத்தனை மேடு பள்ளம் வந்தாலும் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே கடைசியில் நிற்கும்.

இந்த உண்மையின் வாசலை முதலில் தட்டியவர் இத்தாலியின் கலிலியோ. சாய்ந்த பலகையில் வெட்டிய பள்ளத்தில் வெண்கலக் குண்டுகளை உருட்டிவிட்டு, பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். சரிவு செங்குத்தாக இருந்தாலும் படுத்துக் கிடந்தாலும், தொடங்கும் உயரம் ஒன்றாக இருந்தால் அடியில் வந்து சேரும் வேகமும் ஒன்றாகவே இருக்கும் என்ற கருத்தை 1638-ல் வெளியான தன் நூலில் முன்வைத்தார். நிலை ஆற்றல் என்ற பெயர் வந்தது அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் கழித்து. 1853-ல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அந்தப் பெயரைச் சூட்டினார்.

கலிலியோ சொன்னதை மலைப்பாதைக்குக் கொண்டுவந்தால் வயிறு கலங்கும். தடையே இல்லாமல் உருண்டால், 10 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் ஒரு வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். 10 மீட்டர் என்பது மூன்று மாடி உயரம்தான். 100 மீட்டர் இறங்கினால் வேகம் மணிக்கு 159 கிலோமீட்டர். இதில் சைக்கிள், லாரி என்ற வித்தியாசம் கிடையாது. எடை எவ்வளவாக இருந்தாலும் வேகம் ஒன்றே. நிஜத்தில் காற்றும் டயரும் கொஞ்சம் தடுக்கும். மற்றதையெல்லாம் பிரேக் தடுத்தாக வேண்டும்.

ஊட்டி டு மேட்டுப்பாளையம்: எவ்வளவு ஆற்றல்?

ஊட்டி ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டரில் இருக்கிறது. வித்தியாசம் 1,877 மீட்டர். ஆட்களும் பைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், இந்த உயரத்தை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1,500 × 9.8 × 1,877. விடை சுமார் 2.76 கோடி ஜூல்.

குன்னூர் வழியாக வந்தாலும் கோத்தகிரி வழியாக வந்தாலும் இந்தத் தொகை மாறாது. வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் மாறாது. 2.76 கோடி ஜூல் என்பது மின்சாரக் கணக்கில் 7.7 யூனிட். 30 டிகிரியில் இருக்கும் 94 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றலைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இது முழுவதும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

கியரைக் கவனிக்காமல், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இதில் பெரும் பகுதி நான்கு சக்கரங்களின் டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாக இறங்கும். அந்த இரும்பெல்லாம் சேர்ந்து 30 கிலோ என்று கொள்வோம். முழு ஆற்றலும் அங்கேயே தங்கி, துளிகூடக் காற்றில் போகவில்லை என்றால், இரும்பின் வெப்பநிலை 2,000 டிகிரிக்கு மேல் உயர வேண்டும். இரும்பு உருகுவது 1,538 டிகிரியில்! வீசும் காற்று இந்தச் சூட்டைத் தொடர்ந்து அள்ளிக்கொண்டு போவதால்தான் பிரேக் பிழைக்கிறது. அள்ளும் வேகத்தைவிடச் சூடு சேரும் வேகம் கூடினால், வாடை வரும்.

கார் கணக்கே இப்படியென்றால் பேருந்து? 15 டன் எடைக்கு எல்லாமே பத்து மடங்கு. 27.6 கோடி ஜூல், சுமார் 77 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கு. ஒரே ஒரு முறை மலை இறங்குவதற்குள் அத்தனையையும் கரைத்தாக வேண்டும்.

எடை கூடினால் கணக்கும் கூடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேனில் இடம் இருக்கிறதென்று கூடுதலாக எட்டுப் பேரை ஏற்றினால், 480 கிலோ கூடுகிறது. இதே மலையை இறங்கும்போது பிரேக் மீது மேலும் 88 லட்சம் ஜூல் விழும். ஒரு காரின் மொத்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு!

வழி மாறினால் என்ன மாறும்?

மொத்த ஆற்றல் வழியைப் பொறுத்து மாறாது என்றால், செங்குத்தான பாதையை ஏன் ஆபத்து என்கிறார்கள்? மாறுவது, அந்த ஆற்றலைக் கரைக்கக் கிடைக்கும் நேரம்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போக இரண்டு வழி. கூடலூர் சுற்றிப் போவது ஒன்று. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை இன்னொன்று. கூடலூர் வழியின் தூரம், கல்லட்டி வழியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இறங்க வேண்டிய உயரமோ ஒன்றுதான். கல்லட்டியில் அதே ஆற்றலைப் பாதிக்கும் குறைவான தூரத்தில் கரைக்க வேண்டும். விபத்துகள் தொடர்ந்ததால் வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதன் பின்னணியில் இந்த இயற்பியலும் இருக்கிறது. கூடலூர் வழி சுற்று என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு, அந்தக் கூடுதல் தூரம்தான் பிரேக்குக்குக் கிடைக்கும் ஓய்வு.

100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையை 8 சதவிகிதச் சரிவு என்பார்கள். அதில் 15 டன் பேருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், ஒவ்வொரு நொடியும் சுமார் 98,000 ஜூல் வெளிப்படும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் கிட்டத்தட்ட நூறை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி. 1,500 கிலோ கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் 13 இஸ்திரிப் பெட்டி. வேகத்தைப் பாதியாக்கினால் பெட்டிகளின் எண்ணிக்கையும் பாதியாகும். மெதுவாக இறங்கச் சொல்வது வளைவுகளுக்காக மட்டுமில்லை, சூடு ஆறுவதற்காகவும்தான்.

பிரேக் எப்படிக் கைவிடுகிறது?

இரண்டு விதமாக. முதலாவது, பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதன் பிடிப்பு குறைந்துவிடும். பெடல் கல்போல இருக்கும். அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது.

இரண்டாவது இன்னும் மோசம். பெடலில் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். டாட் 3 என்ற தரத்துக்கு, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நாள்பட்டு ஈரம் சேர்ந்தபின் இந்தத் தரங்கள் கேட்கும் கொதிநிலையே 140, 155 டிகிரிதான். சக்கரத்தின் சூடு ஆயிலை எட்டி அது கொதித்தால், குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை அமுக்க முடியும். மிதித்த மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரைவரை இறங்கும். வண்டி அதன் பாட்டுக்குப் போகும்.

ஊருக்குள் ஓடும்போது எந்தக் குறையும் காட்டாத வண்டி, மலையில் மட்டும் திடீரென்று ஏமாற்றுவதன் காரணம் இதுதான். சமவெளியில் அந்த ஆயிலுக்கு இப்படியொரு சோதனை வருவதே இல்லை.

ஏறிய கியரிலேயே இறங்கு!

மலைப்பாதை டிரைவர்களிடம் ஒரு பழைய விதி இருக்கிறது: ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்குவதற்கும் அதே கியர். மேலே போட்ட கணக்கு அத்தனையும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

முதல் அல்லது இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. உள்ளே பிஸ்டன்கள் காற்றை இழுத்தும் தள்ளியும் உரசியும் திணறுகின்றன. இறக்கத்தின் ஆற்றலில் ஒரு பெரிய பங்கை இந்தத் திணறல் விழுங்கிவிடும். அந்தச் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. பிரேக்குக்கு மிச்சம் மட்டும் போகும்.

நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கினால் இந்த உதவி முழுவதும் போய்விடும். 'பெட்ரோல் மிச்சமாகுமே' என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் நடப்பது நேர்மாறு. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால், இன்ஜினுக்கு எரிபொருள் போவதை கம்ப்யூட்டரே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணைந்துவிடாமலிருக்க எரிபொருள் செலவாகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது எல்லாவற்றிலும் ஆபத்து. இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக் இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

கனரக வண்டிகளில் இதற்காகவே எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. புகை வெளியேறும் வழியை அடைத்து, இன்ஜினின் திணறலை இன்னும் கூட்டும் ஏற்பாடு அது.

நீலகிரி மலை ரயிலைக் கட்டியவர்களும் இதே கணக்கைத்தான் சந்தித்தார்கள். 46 கிலோமீட்டர் பாதையில் அதே 1,877 மீட்டர் உயரம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு இவ்வளவு பிடிப்பு கிடைக்காது என்பதால், கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் போட்டு, பற்சக்கரத்தை அதில் மாட்டி ஓட்டுகிறார்கள். இந்தப் பகுதியில் இன்ஜின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பெட்டிகளில் பிரேக் போட தனி ஊழியர்களும் நிற்பார்கள். வேகம் இல்லையே என்று குழந்தைகள் சிணுங்கலாம். அந்த நிதானம்தான் பாதுகாப்பு.

சூடாக்காமல் சேமிக்கவும் முடியும்

உயரத்தில் சேர்ந்த ஆற்றல் வெப்பமாகத்தான் வீணாக வேண்டும் என்று கட்டாயமில்லை. இதே நீலகிரியில், மலைமேல் தேங்கும் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கி, 1932 முதல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள். வால்பாறை மலைப்பகுதியின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒருபடி மேலே போகிறது. மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரமாக எடுத்துக்கொள்கிறது.

மின்சார கார்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஒரு விஷயம் முக்கியம். மலைமேல் ஹோட்டலிலேயே பேட்டரியை நூறு சதவிகிதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது. மீண்டும் சாதாரண பிரேக்தான் சுமக்க வேண்டும். கொஞ்சம் காலி வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இறங்கும் முன் கவனிக்க…

● சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில், வேகம் ஏறியபின் கியர் மாற்ற முயன்றால், நியூட்ரலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆட்டோமேட்டிக் காரில் 'எல்', '2' அல்லது மேனுவல் மோடு இதற்காகத்தான்.

● பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது. தேவைப்படும் இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் சூடு ஆறும்.

● வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரிசலோ வளைவோ விடலாம்.

● மலைப் பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் பிரேக் பேட், பிரேக் ஆயில் இரண்டையும் காட்டிவிட வேண்டும். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டால் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது.

● கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் தரும் தடை குறைவு. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தி, அடிக்கடி நிறுத்தி, மெதுவாக இறங்க வேண்டும்.

● குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

● பிரேக் கைவிட்டேவிட்டால் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்க்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் உரசி நிறுத்தப் பார்க்க வேண்டும்.

கைக்குள் ஒரு கணக்கு

இந்தக் கணக்கைப் போட இன்று புத்தகம்கூடத் தேவையில்லை. நிற்கும் இடத்தின் உயரத்தைக் காட்டும் செயலிகள் செல்போனிலேயே கிடைக்கின்றன. மலைமேல் ஒரு முறை, அடிவாரத்தில் ஒரு முறை பார்த்து, வித்தியாசத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வண்டியின் எடையோடு, டன்னில், பெருக்கி 367-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று கிடைத்துவிடும். ஏற்காடோ கொடைக்கானலோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையோ, எந்த மலைக்கும் இதே கணக்குதான்.

அடுத்த விடுமுறையில் பின்சீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். விடை வந்ததும் அவர்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்வி, "இப்ப எந்த கியர்ல இறங்குறோம்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குச் சரியான பதில் ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும்.